பழைய பாஸ் கிட்டார் எங்கே பிறந்தது? ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தா கண்டுபிடிக்கலாம்

மக்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு அண்ணா உங்க கையில ஒரு பாஸ் கிட்டாரைக் கொடுக்கிறார். ஹெட்ஸ்டாக்ல, அதாவது கிட்டாரோட தலைப்பகுதியில, ஃபெண்டர்னு எழுதியிருக்கு. "தம்பி, இது 78 மாடல், அமெரிக்கன் பீஸ். அவசரத்துக்கு விக்கிறேன், 45,000 கொடுத்தா போதும்" என்கிறார். வாசிச்சுப் பார்த்தா சத்தமும் நல்லா இருக்கு. என்ன செய்வீங்க?

போன செமஸ்டர்ல எங்க பேண்டுக்கு நடந்தது இதுதான். நாங்க நாலு பேர். பாஸ் வாசிக்கிறவன் ரெண்டு வருஷமா இரவல் கிட்டாரோடதான் ஓட்டிக்கிட்டு இருந்தான். இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட், ட்யூஷன் எடுத்த காசு, மெஸ் பில்லுல மிச்சம் பிடிச்சது எல்லாம் சேர்த்து நாலு பேரும் சரியா 45,000 தேத்தி வச்சிருந்தோம். உண்மையான 1978 அமெரிக்க ஜாஸ் பாஸ் லட்சக்கணக்கில் விலை போகும். அதனால எங்களுக்கு அது லாட்டரி மாதிரி தெரிஞ்சது. அப்படித் தெரியும்போதுதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

"ரெண்டு நாள் கையில வச்சுப் பார்க்கலாமா, திறந்து பார்க்கலாமா?"ன்னு கேட்டோம். அண்ணாவும் சரின்னுட்டார். அந்த ரெண்டு நாள்ல கத்துக்கிட்டதைத்தான் இங்க வரிசையா எழுதறேன். இதுல மனசுல வச்சுக்க வேண்டிய விதி ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு அடையாளம் அது இருக்கிற பாகத்தைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும். முழு கிட்டாரைப் பற்றி இல்லை.

ஏன் அப்படி?

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். 1951-ல் அவர் கொண்டு வந்த பிரிசிஷன் பாஸ்தான் இன்னைக்கு நாம பார்க்கிற பாஸ் கிட்டாருக்கெல்லாம் முன்னோடி. ரிப்பேர்காரர் மூளை எப்படி வேலை செய்யும்? ஒரு பாகம் கெட்டுப் போனா அதை மட்டும் கழட்டி மாத்தணும். வயலின் மாதிரி நெக்கைப் பசை போட்டு ஒட்டாம, பாடியோட ஸ்க்ரூ போட்டு மாட்டினார். நாலு ஸ்க்ரூ கழட்டினா நெக் தனி, பாடி தனி.

மேனுஃபேக்சரிங் பேப்பர்ல 'இன்டர்சேஞ்சபிள் பார்ட்ஸ்'னு படிச்சது ஞாபகம் இருக்கா? அதேதான். உற்பத்திக்கும் ரிப்பேருக்கும் இது வரம். ஆனா அறுபது, எழுபது வருஷம் கழிச்சு செகண்ட் ஹேண்ட் வாங்கறவனுக்கு இதுவே தலைவலி. ஒரு நாட்டு நெக், இன்னொரு நாட்டு பாடி, மூணாவது நாட்டு பிக்கப், எல்லாம் சேர்ந்து ஒரே கிட்டாரா நிக்க முடியும்.

படி 1: வடிவத்தை நம்பாதீங்க

பாஸ்ல ரெண்டு வடிவம்தான் அதிகமா கண்ணுல படும். ஒண்ணு பிரிசிஷன். 1957-ல இருந்து அதோட பிக்கப் ரெண்டு துண்டா, ஒண்ணு மேல ஒண்ணு கீழ தள்ளி இருக்கும். இன்னொண்ணு 1960-ல வந்த ஜாஸ் பாஸ். நீளமான ரெண்டு பிக்கப், இடுப்பு கொஞ்சம் கோணலா இருக்கும், நெக் ஒல்லி. கம்பிகள் தலையிலிருந்து இறங்கும் இடத்தில் இருக்கும் சின்னப் பட்டைக்கு 'நட்'னு பேர். அந்த இடத்தில் ஜாஸ் பாஸ் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். பிரிசிஷன் பெரும்பாலும் 41-க்கு மேல.

இதை வச்சு மாடல் என்னன்னு சொல்லலாம். ஊர் எதுன்னு சொல்ல முடியாது. ஏன்னா இந்த ரெண்டு வடிவத்தையும் உலகமே காப்பி அடிச்சிருக்கு. 1970-களில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலா செஞ்சு வித்தாங்க. 1977-ல் கிப்சனோட அன்றைய தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் வித்த எல்ஜர் நிறுவனத்து மேல ஃபிலடெல்ஃபியாவில் கேஸ் போட்டது. சமரசத்தில் முடிஞ்சது. அதிலிருந்து அந்தக் கால ஜப்பான் காப்பி எல்லாத்தையும் "லாசூட் பீஸ்"னு சொல்லி விலை ஏத்தறது வழக்கமாகிடுச்சு. ஆனா அந்த வழக்கு கிப்சன் ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றியது. ஒரு ஜாஸ் பாஸ் காப்பிய யாராவது உங்ககிட்ட "லாசூட் பீஸ்"னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே அடுத்த கேள்வி கேளுங்க.

வீட்டுப் பரணில் பழைய கிட்டார் கிடைச்சா இன்னொண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1991-க்கு முன்னாடி வெளிநாட்டுச் சாமான் இங்க சுலபமா வராது. அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைங்க கையில இருந்ததில் நிறைய கொல்கத்தா கிட்டார்கள். 'கிவ்சன்'னு படிச்சா அது எழுத்துப் பிழை இல்ல, கொல்கத்தா பிராண்டு. எழுத்தெழுத்தா படிங்க.

படி 2: பிராண்டு வேற, ஊர் வேற

ஃபெண்டர்னு எழுதியிருந்தா அமெரிக்காதான்னு நினைக்கிறது ரெண்டாவது தப்பு. ஜப்பான் காப்பிகளைச் சமாளிக்க ஃபெண்டர் 1982-ல் ஜப்பானிலேயே கூட்டுக் கம்பெனி ஆரம்பிச்சது. மாட்சுமோட்டோ நகரத்தில் இருக்கிற ஃபுஜிஜென் தொழிற்சாலை அவங்களுக்காக கிட்டார் செஞ்சது. ஸ்கொயர் என்ற விலை குறைஞ்ச பிராண்டும் அந்த வருஷம்தான் வந்தது. பிறகு கொரியா, மெக்சிகோவின் என்செனாடா, சீனா, இந்தோனேஷியான்னு உற்பத்தி பரவிடுச்சு.

அதனால சீரியல் நம்பரைப் படிக்கக் கத்துக்கணும். அடிக்கடி கண்ணுல படற சிலது:

• எஸ், பிறகு ஒரு இலக்கம்: அமெரிக்கா, 1970-கள். எஸ்8-ன்னா 1978.
• இ: அமெரிக்கா, 1980-கள். என்: 1990-கள். இசட்: 2000-கள்.
• ஜேவி: ஜப்பான், 1982 முதல் 1984 வரை.
• எம்என்: மெக்சிகோ, 1990-கள். எம்இசட்: மெக்சிகோ, 2000-கள்.
• சிஎன்: பார்த்தா சைனா மாதிரி இருக்கும், ஆனா கொரியா. சி-ன்னா கோர்ட் நிறுவனம், என்-னா நைன்ட்டீஸ்.
• சிஒய்: இதுதான் சீனா. யாகோ தொழிற்சாலை.
• ஐசிஎஸ்: இந்தோனேஷியா, கோர்ட், ஸ்கொயர். ஐஎஸ்எஸ்: இந்தோனேஷியா, சாமிக், ஸ்கொயர்.

ஐபனெஸ் வேற கணக்கு. 1970-களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருஷம், முதல் எழுத்து மாசம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். ஏ-ன்னா ஜனவரி, எல்-னா டிசம்பர். ஹெச்78-ன்னா 1978 ஆகஸ்ட். பிற்காலத்தில் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். எஃப்-னா ஃபுஜிஜென். ஐ-ன்னு ஆரம்பிச்சு 1105-ன்னு தொடர்ந்தா இந்தோனேஷியா, 2011 மே.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனம். இ-ல ஆரம்பிக்கிற நம்பரை 1980-களின் நடுவில் ஜப்பான் ஃபெண்டரும் பயன்படுத்தியிருக்கு. எழுத்தை மட்டும் பார்த்தா அமெரிக்கான்னு ஏமாந்துடுவோம். நம்பரோட பக்கத்தில் நாட்டின் பேர் என்ன இருக்குன்னு சேர்த்துப் படிக்கணும். அந்த வரி மட்டும் அழிஞ்சிருந்தா, அது ஏன் அழிஞ்சதுன்னு கேக்கணும்.

எங்க கிட்டார் என்ன சொல்லுச்சு?

முதல்ல நம்பரைத் தேடினோம். 1976 வரைக்கும் அமெரிக்க ஃபெண்டர்ல சீரியல் நம்பர், நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் பின்பக்கம் இருக்கிற உலோகத் தகட்டில் இருக்கும். அப்புறம் ஹெட்ஸ்டாக்குக்கு மாறிடுச்சு. 78 மாடல்னா முன்பக்கம் லோகோ கிட்ட எஸ்-ல ஆரம்பிக்கிற நம்பர் இருக்கணும். இல்ல.

அடுத்து ஸ்க்ரூ. 1970-களின் நடுவில் ஜாஸ் பாஸோட நெக்கை நாலு ஸ்க்ரூவுக்குப் பதிலா மூணு ஸ்க்ரூவில் மாட்ட ஆரம்பிச்சாங்க. 78-ன்னா மூணு இருக்கணும். எங்க கையில இருந்ததுல நாலு.

அப்புறம் லோகோ. கண்ணை மூடிக்கிட்டு விரல் நுனியால தடவிப் பாருங்க. எங்களுதுல ஸ்டிக்கரோட ஓரம் விரலில் தட்டுச்சு. அந்த இடத்துல மட்டும் மேல்பூச்சு வேற மாதிரி மினுங்குச்சு. பழைய காலத்து நிஜ ஃபெண்டர்லயும் சில வருஷங்களில் லோகோ பூச்சுக்கு மேலதான் ஒட்டியிருப்பாங்க. அதனால இது மட்டும் போதாது. ஆனா சந்தேகத்துக்குப் போதும்.

ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் யாரோ ஒரு வரியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருந்தாங்க. நம்பரை மட்டும் விட்டு வச்சிருந்தாங்க. ஐசிஎஸ்10-ன்னு ஆரம்பிச்சது. இந்தோனேஷியா, கோர்ட், ஸ்கொயர், 2010. அஞ்சே நிமிஷம். 1978 காலி, அமெரிக்கா காலி.

நான் ரொம்பப் பெருமையா "இது இந்தோனேஷியா ஸ்கொயர், மேட்டர் ஓவர்"னு க்ரூப்ல போட்டேன். எங்க டிரம்மர் மெக்கானிக்கல் பையன். அவன் அனுப்பின பதில்: "நெக்கோட பாஸ்போர்ட்டைத்தானே பாத்த? பாடியோடது எங்க?"

அடுத்த நாள் திறந்தோம்.

படி 3: நெக்கைக் கழட்டுதல்

முதல்ல உடைமையாளர்கிட்ட அனுமதி வாங்குங்க. வாயால மட்டும் இல்லாம மெசேஜா வாங்கிக்கறது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்க. கம்பிகளை முழுசா தளர்த்துங்க. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடிச்சு மெதுவா திருப்புங்க. ஸ்க்ரூ தலை வழிஞ்சுட்டா கதை முடிஞ்சது. கிட்டார் உண்மையிலேயே பழசு, யாரும் திறக்காததுன்னு தோணினா நீங்க கழட்டாதீங்க. ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட கொண்டு போங்க. அந்தத் தொடாத நிலைக்கே மதிப்பு உண்டு.

நெக் வெளிய வந்ததும் மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, நெக்கின் அடிப்பகுதியிலும் பாடியின் குழியிலும் முத்திரை, பென்சில் எழுத்து, ஸ்டிக்கர் ஏதாவது இருக்கா? பழைய ஃபெண்டர் நெக்கில் தேதி இருக்கலாம். ஆனா அது அந்த நெக் செஞ்ச தேதி. கிட்டார் முழுசான தேதி இல்ல. நெக்குகளை மொத்தமா செஞ்சு அடுக்கி வச்சு, தேவைப்பட்டப்போ எடுத்து மாட்டுவாங்க.

ரெண்டு, ஸ்க்ரூ ஓட்டைகள். நெக்கில் நாலு ஓட்டைதான் இருக்கணும். அதிகமா இருந்தா இந்த நெக்குக்கு இது முதல் பாடி இல்ல.

மூணு, நெக் குழிக்குள்ள எப்படி உட்காருது? ஃபெண்டர் அளவில் பாஸ் நெக்கின் அடி அகலம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். மெட்ராலஜி லேப் அண்ணாகிட்ட கெஞ்சி ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிட்டு வந்தோம். எங்க நெக் அந்த அளவுக்குச் சரியா இருந்தது. குழி 66. பக்கத்தில் இருந்த இடைவெளியில் ஒரு பழைய விசிட்டிங் கார்டை மடிச்சுச் சொருகியிருந்தாங்க. நெக்கின் அடியில் எட்டு ஓட்டை. நாலு புதுசு. நாலுல பல்குத்தும் குச்சியை உடைச்சுப் போட்டு பசை ஊத்தி அடைச்சிருந்தாங்க.

ஆக நெக் இந்தோனேஷியா. பாடி வேற எங்கிருந்தோ வந்தது.

இந்த மாதிரி கலவையா இருந்தா ஒரு அளவு கண்டிப்பா எடுக்கணும். நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் இருக்கிற தூரம், கம்பியோட நீளத்தில் சரி பாதி. ஃபெண்டர் பாஸுக்கு மொத்தம் 34 அங்குலம், 864 மில்லிமீட்டர். பாதி 432. 12-வது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடமும் சுமார் 432 வரணும், சின்ன திருத்தம் மட்டும் இருக்கலாம். வரலைன்னா அந்தக் கிட்டார் எத்தனை ட்யூன் பண்ணினாலும் மேல போகப் போக சுருதி விலகும். அதை எந்த விலைக்கும் வாங்காதீங்க. எங்களுது தப்பிச்சது.

படி 4: உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ்

இசிஇ, இஇஇ மக்களே, இது நம்ம ஏரியா. கன்ட்ரோல் தகட்டைத் திறந்தா வால்யூம், டோன் திருகுகளுக்குப் பின்னாடி பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். லேப்ல ஐசி மேல நாலு இலக்கத்தில் தேதி போட்டிருக்குமே, முதல் ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு வாரம்? அமெரிக்க பாட்களின் முதுகிலும் அதே கதைதான். முதல் மூணு இலக்கம் தயாரிப்பாளர். 137-ன்னா சிடிஎஸ், 304-ன்னா ஸ்டாக்போல். 1377633-ன்னு இருந்தா சிடிஎஸ், 1976-ம் வருஷம், 33-வது வாரம்.

இப்போ ஒரு கேள்வி. 1976 பாட் இருந்தா கிட்டார் 1976-ல செஞ்சதா? இல்ல. 1976-க்கு முன்னாடி செஞ்சது இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். அதுவும் பாட் ஒரிஜினலா இருந்தால். இதுக்கு நல்ல உதாரணம் ஃபெண்டர்லயே இருக்கு. 1966-ல் அவங்க பாட்களை மொத்தமா வாங்கிக் குவிச்சாங்க. அதனால 60-களின் கடைசியில செஞ்ச கிட்டார்களிலும் 1966 தேதி போட்ட பாட் வருது. பாகத்தின் தேதி கீழ் எல்லையைத்தான் சொல்லும். மேல் எல்லையை வேற ஏதாவதுதான் சொல்லணும்.

ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் குட்டி பாட் இருக்கும். அமெரிக்க பாட் 24 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட பழைய ஒரு ரூபாய் நாணயம் சைஸ். ஆசிய பாட்டில் பி500கே மாதிரி எழுதியிருந்தா பி-ன்னா லீனியர், ஏ-ன்னா ஆடியோ டேப்பர். சால்டரையும் பாருங்க. ஒரு இடத்தில் மட்டும் புதுசா, பளபளன்னு, கட்டி கட்டியா இருந்தா யாரோ மாத்தியிருக்காங்க. மாத்தினது தப்பு இல்ல. அது சாட்சி சொல்லத் தகுதி இழந்துடும், அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன சோதனை. பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற குட்டி ஸ்க்ரூ இருக்கும். அமெரிக்கத் தயாரிப்பில் பொதுவா அங்குல அளவு ஆலன் கீதான் போகும். அதுல ரொம்பப் பொதுவானது 1.27 மில்லிமீட்டருக்குச் சமம். ஆசியத் தயாரிப்பில் 1.5 மில்லிமீட்டர். எங்க பிரிட்ஜில் 1.5 சொடக்குப் போட்ட மாதிரி உட்கார்ந்தது. பாட்டும் 16 மில்லிமீட்டர். தேதி எதுவும் இல்ல.

படி 5: மரம்

பெயிண்ட் அடிச்ச பாடியில மரம் தெரியாது. ஆனா உள்குழியில் பெயிண்ட் சரியா படாத ஓரம் எங்கயாவது இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. அமெரிக்க ஃபெண்டர்ல ஆல்டர் அல்லது ஆஷ் வழக்கம். ஆசியாவில் பாஸ்வுட், அகாதிஸ் நிறைய. பாஸ்வுட்னா பாஸ் கிட்டாருக்குன்னே பிறந்த மரம்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். சம்பந்தமே இல்ல. அந்த மரத்தின் பட்டை நாரில் இருந்து வந்த பேர் அது.

எங்க கிட்டாரின் குழி ஓரத்தில் கோடு கோடா அடுக்குகள் தெரிஞ்சது. ஹாஸ்டல் கட்டில் பலகையில் பார்ப்பீங்களே, அதே மாதிரி. ப்ளைவுட். குறைஞ்ச விலை கிட்டார்களில் இது சகஜம். மின்சார பாஸில் ப்ளைவுட் இருந்தா சத்தம் வராதுன்னு இல்ல. ஆனா 45,000 ரூபாய்க்கு அது பதில் இல்ல. எடையை வச்சு முடிவு பண்ணாதீங்க. கனமான ப்ளைவுட்டும் உண்டு, லேசான ஆஷும் உண்டு.

படி 6: யார் கையிலிருந்து வந்தது?

பூர்வீகம்னா தொழிற்சாலை மட்டும் இல்ல. இடையில் யார் கையில இருந்ததுன்னும் பார்க்கணும். இதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் பால் மெக்கார்ட்னியோட ஹோஃப்னர் வயலின் பாஸ். 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கினது. 1972-ல் லண்டனில் ஒரு வேனில் இருந்து திருடு போச்சு. ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் ரசிகர்களும் நிபுணர்களும் சேர்ந்து தேட ஆரம்பிச்சு, இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணில் இருந்து அது கிடைச்சது. 2024 பிப்ரவரியில் அறிவிச்சாங்க.

அது அதேதான்னு எப்படி உறுதி பண்ண முடியும்? ஹோஃப்னர்னு லோகோ இருந்தா போதாது, அப்படி ஆயிரம் இருக்கு. இது இடது கை கிட்டார். ரெண்டு பிக்கப்பும் நெக் பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கும். அவர் 1963-ல் வாங்கின அடுத்த ஹோஃப்னரில் பிக்கப்புகள் தள்ளித் தள்ளி இருக்கும். பழைய போட்டோக்களோட ஒவ்வொரு பாகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சது. பல சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லணும், அவ்வளவுதான் விஷயம்.

நாம வாங்கற கிட்டாருக்கும் இதே பழக்கம் வேணும். பில் இருக்கா, யார்கிட்ட வாங்கினீங்க, நீங்க வாசிச்ச பழைய போட்டோ, வீடியோ ஏதாவது இருக்கான்னு கேளுங்க. நேர்மையா விக்கிறவர் சந்தோஷமா காட்டுவார்.

அண்ணாகிட்ட எப்படிச் சொன்னோம்?

இதுதான் கஷ்டமான படி. எந்த டுடோரியலிலும் இல்லாததும் இதுதான்.

அண்ணா ஏமாத்துக்காரர் இல்ல. மூணு வருஷம் முன்னாடி 38,000 கொடுத்து இன்னொருத்தர்கிட்ட வாங்கியிருக்கார். சர்ச்சுல வாரா வாரம் வாசிச்ச வீடியோ எல்லாம் காட்டினார். நாங்க போட்டோக்களை ஒண்ணொண்ணா காட்டினோம். எட்டு ஓட்டை, விசிட்டிங் கார்டு, ப்ளைவுட் கோடு, தேய்ச்ச வரி. முதல்ல கோபம் வந்தது. "பேரம் பேசறதுக்குத்தானே தம்பி இதெல்லாம் பண்றீங்க?"ன்னு கேட்டார். நியாயமான சந்தேகம்தான். அதனால அன்னைக்கு விலையே பேசலை. "நீங்களே வேற யார்கிட்டயாவது காட்டுங்க அண்ணா"ன்னு சொல்லி, கிட்டாரை மறுபடி மாட்டி, ட்யூன் பண்ணி, திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டோம்.

ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணினார். ரிப்பேர் கடையிலயும் அதையேதான் சொல்லியிருக்காங்க. "உண்மையைச் சொல்லவா தம்பி? பேசாம அப்படியே வேற யாருக்காவது தள்ளி விட்டுடலாம்னுதான் நினைச்சேன். ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே"ன்னார். எனக்கு முன்னாடி வித்தவனுக்கும் இவருக்கும் இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு வார்த்தைதான். கடைசியில் 12,000-க்கு வாங்கினோம். மீதிக் காசில் ஒரு நல்ல ஆம்ப்.

கிட்டாருக்கு ஊர் கண்டுபிடிக்கறது எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. சத்தம் நல்லா இருந்தா போதாதான்னு. வாசிக்கறதுக்குப் போதும். விலை கொடுக்கறதுக்கும், இன்னொருத்தர்கிட்ட விக்கறதுக்கும் போதாது. எங்க பாஸ் இந்த வருஷம் கல்ச்சுரல்ஸ்ல நல்லாவே ஒலிச்சுது. அது 1978 அமெரிக்கன்னு சொல்லி ஒலிக்க வேண்டிய அவசியம் அதுக்கு இல்ல.

சுருக்கமா, வாங்கறதுக்கு முன்னாடி

1. லோகோவைக் கடைசியில் நம்புங்க. போலி செய்ய ரொம்பச் சுலபமானது அதுதான்.
2. சீரியல் நம்பரையும் நாட்டின் பேரையும் சேர்த்துப் படிங்க.
3. விக்கிறவர் சொல்ற வருஷத்துக்கு நம்பர் இருக்கிற இடமும் ஸ்க்ரூ எண்ணிக்கையும் பொருந்துதான்னு பாருங்க.
4. அனுமதியோட நெக்கைக் கழட்டி ஓட்டைகளை எண்ணுங்க.
5. பாட் தேதி "இதுக்கு முன்னாடி இல்ல"ன்னு மட்டும்தான் சொல்லும்.
6. நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட், அங்கிருந்து பிரிட்ஜ். ரெண்டு தூரத்தையும் அளங்க.
7. பழைய போட்டோ கேளுங்க.
8. ஒரே சாட்சியை வச்சு முடிவு பண்ணாதீங்க. குறைஞ்சது மூணு பாகம் ஒரே கதையைச் சொல்லணும்.

அடுத்த மாசம் நாங்க காலேஜை விட்டுக் கிளம்பறோம். பாஸை மியூசிக் க்ளப் ஜூனியர்களுக்கே கொடுத்துட்டுப் போறதா முடிவு பண்ணியிருக்கோம். ஸ்டிக்கரை ஹேர் டிரையர் வச்சுச் சூடு பண்ணி எடுத்தாச்சு. கன்ட்ரோல் தகட்டுக்கு உள்ளே ஒரு துண்டுக் காகிதம் மடிச்சு வச்சிருக்கோம். அதுல இருக்கிறது இவ்வளவுதான்:

"நெக்: இந்தோனேஷியா, 2010. பாடி: ப்ளைவுட், வேற கிட்டாரோடது. ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, எடுத்துட்டோம். நாங்க கொடுத்த விலை 12,000. நல்லா வாசிக்குது. விக்கிறதா இருந்தா இந்தக் காகிதத்தோட விக்கவும்."